தாழியும் தண்ணீரும்

ஆடி அமாவாசை

குற்றாலம் பேரருவிக் கரையில் விடியும் முன்பே கூட்டம். சாரல் நிற்கவில்லை. நனைந்த வேட்டியோடு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே வாழையிலையில் எள்ளும் தர்ப்பையும். புரோகிதர் அப்பா பெயரைக் கேட்கிறார், உடனே பதில் வருகிறது. தாத்தா பெயர், அதுவும் வந்துவிடுகிறது. அதற்கு மேலே கேட்கும்போது பலருக்கும் நாக்கு நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கிற சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறார். சிலர் செல்போனை எடுத்து ஊரில் இருக்கும் அத்தையைக் கூப்பிடுகிறார்கள். பெயர் கிடைக்காவிட்டாலும் சடங்கு நிற்பதில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எள்ளும் தண்ணீரும் விரல் இடுக்கில் இறங்கி அருவி நீரோடு போய்விடுகின்றன.

என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியும். அவரைப் பெற்றவள் பெயர் தெரியாது. கேட்டுச் சொல்ல வீட்டில் இப்போது ஆளும் இல்லை. மூன்று தலைமுறைக்கு மேல் ஒரு பெயர் நிற்காது என்பது சடங்கை வகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதற்கு மேலே உள்ளவர்கள் எல்லோரும் நமக்கு ‘முன்னோர்’. அந்தக் கூட்டத்துக்குள் யார் பெரியவர், யார் எளியவர், யார் யாரோடு பேசாமல் இருந்தவர் என்ற கணக்கெல்லாம் தீர்ந்துபோய்விடுகிறது.

*

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. சுமார் 80 கி.மீ. ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. கலந்த நீர் ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போய்ப் புன்னக்காயலில் கடல் சேர்கிறது. போகிற வழியில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு கிடக்கிறது. தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய, மிகப் பெரிய இடுகாடுகளில் ஒன்று அது.

குற்றாலத்தில் பெயர் சொல்லி விட்ட தண்ணீர், பெயரே எஞ்சாத அந்த மனிதர்களின் காலடியைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. யாரும் திட்டமிட்டதில்லை இது. ஆறு அப்படி ஓடுகிறது. ஆனாலும் இதை அறிந்த நாளிலிருந்து, ஆடி அமாவாசைத் தண்ணீரை என் வீட்டாருக்கு மட்டும் விட்டதாக நினைக்க முடியவில்லை.

*

என் ஆச்சி சொன்ன கதை. தென் மாவட்டங்களில் பல வீடுகளில் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

“அந்தக் காலத்துல மனுசனுக்குச் சாவே கெடையாதுல்லா. வயசு ஆக ஆகச் சுருங்கிக்கிட்டே போவாவ. கடைசியில பூனைக்குட்டி கணக்கா ஆயிருவாவ. கோழி கீழி கொத்திராம மாடக்குழியில தூக்கி வச்சிருப்பாவ. எத்தனை நாளைக்குத்தான் பாக்க முடியும்? பெரிய தாழி ஒண்ணு செஞ்சு, உள்ள உக்கார வச்சு, சோறு, தண்ணி, எண்ணெய் எல்லாம் சின்னச் சின்னச் சட்டியில கூட வச்சு, குழிக்குள்ள இறக்கிருவாவ.”

சின்ன வயதில் கேட்டபோது பயம் மட்டும்தான் வந்தது. உயிரோடா, ஆச்சி? என்று கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள், வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒருநாள், பிஷப் கால்டுவெல் 1870-களிலேயே இதே கதையைத் திருநெல்வேலிச் சீமையில் கேட்டு எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. விளக்கு மாடம், சுருங்கிப்போன கிழவர்கள், கூட வைத்த சின்னச் சட்டிகள், எல்லாம் அப்படியே. அவர் கேட்டதற்கும் என் ஆச்சி சொன்னதற்கும் இடையில் நூறு ஆண்டுக்குக் குறையாது. எழுதப் படிக்கத் தெரியாத வாய்கள் இதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

வயலில் உழும்போது கலப்பை முட்டிய பானைக்கு மக்கள் தாங்களே தேடிக்கொண்ட விளக்கம் இந்தக் கதை என்று ஆய்வாளர் சொல்லலாம். சரிதான். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. தாழிக்குள் இருப்பவர்கள் அந்நியர் என்று கதை சொல்லவில்லை. நம் வீட்டு மாடக்குழியில் இருந்தவர்கள் என்கிறது. முதுமையில் நம்மால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனவர்கள் என்ற குற்ற உணர்வையும் சேர்த்தே சொல்கிறது. பெயர் தெரியாத எலும்பை உறவாக்கிக்கொள்ள ஒரு ஊர் செய்த முயற்சி அது. முதியோர் இல்லங்கள் பெருகிவிட்ட இந்த நாளில் அந்தக் கதையின் கடைசி வரி இன்னும் கூராகக் குத்துகிறது.

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடலை அவ்வளவு தூரம் மலையிறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் எழுப்பிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். தாழிக் கதையைக் கேட்டு எழுதியவருக்கும் இந்தத் தேரி மண்ணில்தான் இடம்.

*

ஆதிச்சநல்லூர்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலை பறம்பின் ஓரமாகவே போகிறது. பாதயாத்திரை போகிறவர்கள் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைக் கடக்கிறார்கள். ஒரு பக்கம் ஆற்றுப் பாசன வயல், வாழையும் நெல்லும். மறுபக்கம் சரளைக் கல் பரந்த செம்மேடு. நெல் விளையும் மண்ணில் ஒரு சாண்கூட எடுக்காமல், விளையாத மேட்டைப் பார்த்து இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் அடிப்பாறையையே வெட்டித் தாழிக்குக் குழி எடுத்திருக்கிறார்கள். வயலைக் காப்பாற்றுவதற்காகப் பாறையோடு மல்லுக்கட்டியவர்கள். அந்த உழைப்பை நினைத்துக்கொண்டு நிற்கும்போது, இவர்கள் ‘வரலாற்றுக்கு முற்பட்டவர்கள்’ என்று பாடப் புத்தகம் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை. நிலத்தை இப்படிக் கணக்குப் பார்ப்பது இன்றைக்கும் எங்கள் ஊர் சம்சாரிகளின் புத்தி.

இந்த மேட்டின் அண்மைக் கதை மகிழ்ச்சியானதில்லை. 1876-இல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து தோண்டினார். கிடைத்தவை பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டினார். இரும்பு வாள், ஈட்டி, வெண்கலக் கிண்ணங்கள், விலங்கும் பறவையும் உட்கார்ந்திருக்கும் வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள். இவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பிறகு நூறு ஆண்டு ஏறக்குறைய மௌனம். 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டி, 160-க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அறிக்கை வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. அங்கே கிடைத்த பொருள்களின் கரிம ஆய்வில் கி.மு. 905, கி.மு. 696 என்ற காலங்கள் 2019-இல் சொல்லப்பட்டன.

114 ஏக்கர். ஒரு சிற்றூரின் இறந்தோருக்கு இவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்காது. பல ஊர்கள், பல நூற்றாண்டுகள். இடம் நிரம்பியபோது பழைய தாழிக்கு மேலேயே புதிய தாழியை வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவர் யார் என்று மேலே வைத்தவர்களுக்கே தெரிந்திருக்குமா? அமாவாசைக் காலையில் கண்ட தயக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

*

பொற்பட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

தங்கம் விலை ஏறிவிட்டது என்று தினமும் பேசுகிறோம். உடலை வீட்டை விட்டு எடுக்கும் முன் மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றிக்கொள்வது நம் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருப்பவர்கள் பிழைக்க வேண்டுமே. பறம்பின் ஆட்கள் பொன்னைக் குழிக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வைக்கவில்லை, பெரும்பாலான தாழிகளில் சட்டிபானையும் கொஞ்சம் இரும்பும்தான். ஏழை பணக்காரன் அப்போதும் உண்டு. ஆனால் கையில் இருந்ததில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதில் அவர்கள் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். தாழிகளில் தானியத்தின் உமியும் கிடைத்திருக்கிறது. அரிசியும் பொன்னும் ஒரே மனத்தோடு வைக்கப்பட்டவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தளம் அமைத்த அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். தாழிகளை அவை புதைந்த இடத்திலேயே பார்க்கலாம். நல்ல காரியம். பெர்லினுக்கும் எழும்பூருக்கும் போன பொருள்களைவிட, இருந்த இடத்தில் இருக்கும் ஓர் உடைந்த தாழி அதிகம் பேசுகிறது. வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கத் தோன்றுகிறது. கண்ணாடிக்குக் கீழே இருப்பவரும் யாரோ அழுது வழியனுப்பிய ஆள்தான். செல்பி எடுக்கும் முன் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள்.

*

தென்காசிக்காரனாக எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. தாழி என்றால் தாமிரபரணிக் கடைமடைதான். நம் மலையடிவாரத்தில் ஒன்றுமில்லை என்று. அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

தென்காசிக்கு வடக்கே, நம் மாவட்டத்துத் திருமலாபுரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2024-இல் அகழாய்வு செய்தது. ஊரிலிருந்து தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஏறக்குறைய 35 ஏக்கர் இடுகாடு. அங்கே 35 கற்பலகைகளை நட்டு நீள்சதுரமாக ஓர் அறை கட்டி, உள்ளே தாழிகளை இறக்கி, கூழாங்கற்களைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படி ஓர் அமைப்பு கிடைத்தது இதுவே முதல் முறை. பானைகளில் வெள்ளைக் கோலம். ஒரு பானையில் புள்ளிகளாலேயே மனிதன், மலை, மான், ஆமை.

மலை வரைந்திருக்கிறார்கள் என்பதில் என் மனம் நின்றுவிட்டது. தென்காசிப் பக்கம் பிறந்தவனுக்கு மேற்கே எப்போதும் மலை உண்டு. வேறு ஊருக்குப் போனால் திசையே தெரியாமல் தடுமாறுவோம். சாகும்போதும் அந்த மலை கூட வர வேண்டும் என்று ஒருவர் நினைத்து, ஈர மண் காயும் முன் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறார் அல்லது தூரிகையால் வைத்திருக்கிறார். அந்தக் கை பெண்ணுடையதாக இருக்கலாம். 

அதே இடத்தில் பொன் வளையங்கள் மூன்று கிடைத்தன. குறுக்களவு 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. கைவிரல் எதற்கும் சேராது. எதற்காகச் செய்தார்களோ, அவ்வளவு சின்னது. ஓடைக்கரை மணலில் விழுந்தால் கண்டுபிடிக்கவே முடியாத அந்தப் பொடிப் பொன்னை ஆயிரக்கணக்கான மழைக்காலம் தாழி பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

ஓடைகளுக்கு நடுவே இடம் தேர்ந்தது ஏன் என்று யோசிக்கிறேன். இங்கே தண்ணீர் இல்லாமல் இறந்தவர்க்கு எதுவும் செய்ய முடியாது. இன்றும் நீர்மாலை எடுத்து வந்துதான் உடலைக் குளிப்பாட்டுகிறோம். கொள்ளிக்குடம் உடைக்கிறோம். மறுநாள் சாம்பல் கரைக்க ஆற்றுக்குப் போகிறோம். சடங்குகள் எத்தனை மாறினாலும் குடமும் தண்ணீரும் மாறவில்லை. அதைத் திருமலாபுரத்தாரோடு நேர்க்கோடு போட்டு இணைக்க எனக்கு உரிமையில்லை. இரண்டும் ஒரே மலையின் நீர் என்று மட்டும் சொல்ல முடியும்.

*

சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரியில் சுடலைமாடன் கோயில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சுடலை இல்லாத ஊர் குறைவு. கதையைக் கேட்டால் புரியும். பார்வதி முந்தானை ஏந்த, விளக்கின் சுடர்ப்பொறி விழுந்து பிறந்த பிள்ளை. பசி பொறுக்காமல் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணத்தைத் தின்றுவிட்டான். கைலாயத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் பூமிக்கு அனுப்பினார்கள். சுடுகாட்டைக் காப்பது அவன் வேலை.

கோயில் கொடை நாளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும். மகுட மேளத்தின் சத்தம் ஏற ஏற, நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்புவார். அந்த வழியில் யாரும் எதிரே வரக்கூடாது. வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் திரும்பி வரும் வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிய வெள்ளைக்காரர்கள் உண்டு. முகம் சுளிக்கும் நம்மவர்களும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இறந்தவர்கள் கிடக்கும் இடத்துக்கு ஒரு காவலன் வேண்டும், அவனும் நம்மில் ஒருவனாகப் பசியுள்ளவனாக இருக்க வேண்டும் என்று இந்த மண் நினைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஊரின் சார்பில் ஒருவர் அங்கே போய்வர வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. சுடுகாட்டு நிலத்தை ஆக்கிரமிக்கப் பயந்த காலம் ஒன்று இருந்ததென்றால் அதில் சுடலைக்குப் பெரும் பங்கு. இப்போது அந்தப் பயமும் விட்டுப்போய்விட்டது. சட்டத்தால் காக்க முடியாத பொதுநிலத்தை சுடலையின் ஒரு செங்கல் பீடம் காத்தது என்பதை நாம் மரியாதையோடு நினைக்க வேண்டும்.

*

உடல் இல்லாத இடங்கள்.

கடையத்துக்குப் பக்கத்தில் பொட்டல்புதூர். 1674-இல் எழுந்த முகைதீன் ஆண்டவர் தர்கா. கோயில் தூண்களைப் போலவே தூண்கள். பாக்தாதில் 1166-இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயரால் நிற்கும் இடம். அவரது அடக்கம் இங்கே இல்லை. ஆனாலும் எல்லாச் சாதியாரும் மதத்தாரும் நேர்ச்சையோடு வருகிறார்கள். பாரதி கடையத்தில் இருந்த நாளில், 1920-இல், இங்கே வந்து இஸ்லாத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

நெற்கட்டும்செவல் பூலித்தேவன். ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்து நின்றவர். சங்கரன்கோயில் கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார் என்பது மக்கள் நம்பிக்கை. அவருக்குக் கல்லறை இல்லை. மறைந்த இடம் என்று கோயிலுக்குள் ஓர் அறையைக் காட்டுகிறார்கள். அங்கே போய் நிற்பவர்கள் உடலைத் தேடுவதில்லை.

*

உடலும் பெயரும் பிரிந்து கிடக்கும் ஒரு கதை.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போக வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் சுடுகிறார். பிறகு தன்னையும் சுட்டுக்கொள்கிறார். வயது 25. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. 1956-இல்தான் நம்மோடு சேர்ந்தது.

வாஞ்சிக்குச் செங்கோட்டையில் சிலையும் மணிமண்டபமும் உண்டு. மணியாச்சி நிலையத்துக்கே அவர் பெயர் சேர்ந்துவிட்டது. ஆஷின் உடல் பாளையங்கோட்டையில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கொண்டாட வேண்டிய பெயர் எது என்பதில் இந்த மாவட்டத்தில் யாருக்கும் ஐயமில்லை, எனக்கும் இல்லை. வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நொடிக்கச் செய்த ஆட்சியின் ஆள் ஆஷ். இருந்தும் அந்தக் கல்லறையில் புதர் மண்டினால் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றே சொல்வேன். அயர்லாந்தில் பிறந்து, முப்பத்தெட்டு வயதில் இந்த வெயிலில் விழுந்த ஒருவர். வாஞ்சியின் பெருமை ஆஷ் கல்லறையைச் சிதைப்பதால் கூடப் போவதில்லை. அந்தக் கல் அங்கே இருந்தால்தான் நம் பேரப்பிள்ளைகள் அதைக் காட்டி, என்ன நடந்தது என்று கேட்பார்கள்.

*

களக்காடு போகும் வழியில் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் 1951 ஜனவரி 18 அன்று அங்கே இறந்தார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண் குழந்தைகளுக்கும் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் அரை நூற்றாண்டு தாயாக இருந்தவர். தன் குழிக்கு மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் சொல்லைத் தட்டவில்லை. கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் குளிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் அவருடைய பெயர் இல்லை. தாய் என்று அவரை அழைத்த ஒற்றைச் சொல் மட்டும்.

ஆதிச்சநல்லூருக்கு அடுத்தபடியாக என்னை ஆட்கொண்ட கல்லறை இதுதான். பெயரைத் தானே விட்டுக்கொடுத்துவிட்ட ஒருவர். காலம் எப்படியும் பிடுங்கிக்கொள்ளப் போவதை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டார்.

*

நவம்பர் 2. கல்லறைத் திருநாள்.

முந்தின நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவைக்குக் கறுப்பு மை தீட்டியாகிவிட்டது. சாயங்காலம் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும். ஐப்பசி மழை என்பதால் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டமாக ஒரே இடத்தில் ஐந்தாறு குடும்பம், பக்கத்திலேயே யாருமே வராத ஒரு பழைய கல்லறை. எழுத்தும் அழிந்துவிட்டது. ஒரு அம்மா தன் பையிலிருந்து மிச்சமிருந்த இரண்டு மெழுகுவர்த்தியை எடுத்து, அங்கே கொண்டுபோய் ஏற்றச் சொல்லிப் பேத்தியிடம் கொடுத்தார். “யாரு பாட்டி அது?” என்று பிள்ளை கேட்டது. “தெரியாதும்மா. ஏத்திட்டு வா” என்றார்.

பள்ளிவாசல் மையவாடிகளில் பெரும்பாலான கபர்களுக்குப் பெயரெழுதுவதில்லை. தலைமாட்டில் ஒரு கல், மேலே ஒரு செடி. மகனுக்கு இடம் தெரியும், பேரனுக்கு ஓரளவு தெரியும். அதற்குப் பிறகு மண் தரை. அங்கே நிற்பவர்கள் கபர்வாசிகள் அனைவருக்கும் சேர்த்தே சலாம் சொல்கிறார்கள்.

*

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னால் வந்து இந்தக் கோயிலைப் பேணப் போகிறவர்களை வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். அரசன் ஒருவன், இன்னும் பிறக்காதவர்கள் காலில் விழுகிறான். அவர்கள் யார், எந்தக் குலம், எந்த அரசின் ஆட்கள் என்று அவனுக்குத் தெரியாது. நாம் அமாவாசையில் தெரியாத முன்னோருக்குத் தண்ணீர் விடுகிறோம். அவன் தெரியாத பின்னோரை வணங்கினான். கோபுரம் இடிந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றதும், 1990-இல் மீண்டும் கட்டி எழுப்பிக் குடமுழுக்கு நடந்ததும் எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. கல்லில் வெட்டிய கும்பிடு ஐந்நூறு ஆண்டு கழித்து யாரையோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

தாழி வைத்தவர்களுக்கு எழுத்தில் கும்பிட்டு வைக்கும் வசதி இருக்கவில்லை. வயலை நமக்கு விட்டுவிட்டு மேட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

*

கடைசியாக, இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களிடமும், குறிப்பாக ஜேசிபி ஓட்டுகிற தம்பிகளிடமும் ஒரு வார்த்தை.

தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தாழி இல்லாத மேடு எது என்று தோண்டாமல் சொல்ல முடியாது. கிணறு வெட்டும்போது, சரளை அள்ளும்போது, மனைக்கு நிரவும்போது, கனத்த சிவப்பு ஓட்டு விளிம்பு ஒன்று வட்டமாகத் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள். உள்ளே புதையல் இருக்கும் என்று உடைக்காதீர்கள். பெரும்பாலும் இருப்பது எலும்பும் கொஞ்சம் இரும்புத் துருவும்தான். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டிவிட்டால், அந்த மண்ணிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய காலக்கணக்கும் அதோடு போய்விடும். ஒரு படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சொன்னாலும் போதும். நிலம் பறிபோய்விடும் என்று பயந்து இரவோடிரவாக மூடியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பயத்தையும் புரிந்துகொள்கிறேன். அதிகாரிகள் அந்தப் பயத்தைப் போக்கும்படி நடந்துகொள்ள வேண்டும். அதுவரைக்கும், உடைக்காமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாலாவது சரி. உடைத்துவிடாதீர்கள்.